குமரி வீட்டுக்குக் குமரி வெளிச்சம்: உள்ளறை ரெண்டர் நிஜமாகத் தெரிய

கட்டப்போகும் வீட்டின் உள்ளறையைக் கணினியில் நிஜப் படம்போல் உருவாக்கிக் காட்டும்போது (இதுதான் ரெண்டர்), “நல்லா இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு தெரியுது” என்று வீட்டுக்காரர் சொன்னால், குறை பெரும்பாலும் மென்பொருளிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இல்லை. மார்த்தாண்டத்தில் எழும்பப்போகும் வீட்டின் ஹாலுக்குள், ஐரோப்பியப் பயிற்சி வீடியோவில் பார்த்த தாழ்ந்த மஞ்சள் வெயில் விழுகிறது. ஜன்னலில் கம்பி இல்லை. ரப்பர் மரங்கள் தெரிய வேண்டிய இடத்தில் பைன் மரங்கள் நிற்கின்றன. எது தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இந்த ஊர் வீடுகளிலேயே வளர்ந்த கண் அதை உடனே கண்டுகொள்ளும்.

கீழே வருபவை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளையும், அதில் ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் சைக்கிள்ஸ் எஞ்சினையும் வைத்து எழுதப்பட்டவை. அது இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். வி-ரே, கொரோனா போன்ற வேறு ரெண்டர் எஞ்சின்களைப் பயன்படுத்துவோருக்கு பட்டன்களின் பெயர் மாறும், காரணங்கள் மாறாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக்கும் எண்கள் அப்படியே பொருந்தும்.

அளவு

நம் பிளான்கள் அடி, அங்குலத்தில் வருகின்றன. பிளெண்டரில் யூனிட்டை இம்பீரியல் என்று மாற்றிவிட்டு 12 அடிக்கு 14 அடி அறையை அப்படியே வரையலாம். மீட்டரில் வரைந்தால் 1 அடிக்கு 0.3048 என்று பெருக்குங்கள், 0.3 என்று சுருக்கினால் 14 அடியில் கிட்டத்தட்ட 7 செ.மீ. குறைந்துவிடும், டைல்ஸ் கணக்கு இடிக்கும்.

வெளிச்சுவர் 9 அங்குலம், உள்தடுப்பு 4.5 அங்குலம், தரையிலிருந்து கூரை 10 அடி, லிண்டல் மட்டம் (ஜன்னல், கதவுகளின் மேல்விளிம்பு) 7 அடி. ஜன்னல் 4 அடி உயரம் என்றால் அதன் அடிப்பகுதி 3 அடியில் நிற்கும். கிச்சன் மேடை 32 முதல் 34 அங்குல உயரம், 2 அடி அகலம். ஸ்கர்ட்டிங் 4 அங்குலம். சுவிட்ச் போர்டு 4 அடி அல்லது நாலரை அடியில். சீலிங் ஃபேன் இறக்கையின் மொத்த விட்டம் 1200 மி.மீ. அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட்டும் அதன்மேல் 1 மி.மீ. மைக்காவும் என்பதால் கதவின் விளிம்பு 19, 20 மி.மீ. அளவில் தெரிய வேண்டும். வெறும் கோடாகத் தெரிந்தால் அட்டைப் பெட்டி போலிருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய சோபா, கட்டில் மாடல்களை அறையில் வைத்ததும் அளந்து பாருங்கள். சோபா உட்காரும் உயரம் 17, 18 அங்குலத்தைத் தாண்டினாலே அறை சுருங்கிப்போனதுபோல் தெரியும்.

சுவரைத் தடிமன் இல்லாத ஒற்றைத் தளமாக வரையாதீர்கள். மூலைகளிலும் கூரையும் சுவரும் சேரும் இடத்திலும் வெளிச்சம் கசிந்து, மெல்லிய வெள்ளைக் கோடாக வரும். சுவருக்கு முழுத் தடிமன் கொடுத்து, மேல் ஸ்லாபைச் சுவரின் வெளிவிளிம்பு வரை நீட்டினால் கசிவு நிற்கும். சன்ஷேடையும் திண்ணைக் கூரையையும் ‘உள்ளறைப் படம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே விழும் வெயிலைத் தீர்மானிப்பவை அவைதான்.

அடுத்து விளிம்புகள். நிஜ உலகில் கத்தி முனைபோன்ற மூலை எதுவும் கிடையாது. மேஜை ஓரமும் நிலைக்கால் ஓரமும் ஒரு மெல்லிய ஒளிக்கோட்டைப் பிடிக்கும். மரச்சாமானுக்கு 1.5 முதல் 3 மி.மீ., கிரானைட் மேடைக்கு 3 மி.மீ., பூச்சுச் சுவர் மூலைக்கு 3 முதல் 5 மி.மீ. பெவல் (விளிம்பை லேசாக மழுக்குவது), அதில் இரண்டு மூன்று செக்மென்ட் (வளைவைப் பிரிக்கும் துண்டுகள்) போதும். பெவல் போட்டும் விளிம்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிந்தால், அந்தப் பொருளைப் பெரிதாக்கிய, சிறிதாக்கிய அளவு (ஸ்கேல்) இன்னும் அப்ளை ஆகவில்லை என்று பொருள்.

வெயில்

பொறுமையாக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நாகர்கோவில் ஏறத்தாழ 8.2 டிகிரி வட அட்சரேகையிலும் 77.4 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. ‘சன் பொசிஷன்’ துணைநிரலில் இந்த இரண்டையும் கொடுத்து, நேர வலயத்தை 5.5 என்று வைத்து, பிளானில் காட்டியிருக்கும் வடக்குக்கு ஏற்றபடி வடதிசையைத் திருப்புங்கள். தேதியையும் நேரத்தையும் மாற்ற மாற்ற சூரியன் தன் இடத்துக்கு நகரும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது என்பதால் இங்கே உச்சிவேளை சராசரியாக 12.20க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 12.04, பிப்ரவரி நடுவில் 12.34.

பயிற்சி வீடியோக்கள் தெற்கு ஜன்னல் வழியாக மதிய வெயிலை அறை நடுவரை இழுத்துவிடுகின்றன. அட்சரேகை 50, 55 இருக்கும் ஊரில் அது உண்மை. இங்கே கணக்கு வேறு. ஆண்டிலேயே உச்சிவெயில் மிகத் தாழ்ந்திருக்கும் டிசம்பர் 21 அன்றும் அதன் உயரம் 58 டிகிரி. 2 அடி சன்ஷேட் லிண்டலை ஒட்டி இருந்தால் அதன் நிழல் 3 அடிக்கும் சற்று அதிகமாக இறங்கும். 4 அடி ஜன்னலில் கீழே ஒரு சாண் மட்டும்தான் வெயில் படும். அந்த ஒளியும் 9 அங்குலச் சுவரின் தடிமனைக் கடப்பதற்குள் ஜன்னல் படியிலேயே நின்றுவிடும். தரைக்கு வரவே வராது. இப்படிச் சன்ஷேட் வைத்த குமரி வீட்டில், தெற்கு ஜன்னலிலிருந்து நண்பகல் வெயில் சோபாமேல் விழும் படம் எதுவாக இருந்தாலும் அது பொய்.

இன்னொன்று: ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும். ஜூன் 21 அன்று வடக்கில் 75 டிகிரி உயரம். வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் அப்போது வெயிலில் நிற்கும், சன்ஷேடின் நிழல் ஜன்னல் முழுவதையும் மூடும்.

அழகான வெயில் வேண்டுமென்றால் காலையைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் 21 காலை 8 மணிக்குச் சூரியன் 20 டிகிரி உயரத்தில், நேர்கிழக்கிலிருந்து 28 டிகிரி தெற்கே ஒதுங்கி இருக்கும். கிழக்கு ஜன்னல் வழியாக வரும் ஒளி சுவரிலிருந்து 7 அடி தள்ளித் தரையில் தொடங்கி, 12 அடி அறையின் எதிர்ச்சுவரில் ஏறும். ஜன்னல் கம்பிகளின் நிழல் சாய்வாகத் தரையில் கிடக்கும். அந்தக் கம்பி நிழல் ஒன்றே படத்தை இந்த ஊருடையதாக்கிவிடும். மேற்கு ஜன்னலுக்கு மாலை 4 மணிக்குமேல் இதே போல் கிடைக்கும்.

சூரிய ஒளியின் கோண அளவு 0.53 டிகிரி; பிளெண்டர் தானாகத் தரும் மதிப்பும் அதை ஒட்டியதுதான். நிழலை மென்மையாக்க அதை 5, 10 என்று ஏற்றினால் வெயிலும் இல்லாமல் மேகமும் இல்லாமல் ஒரு கலங்கிய படம் வரும். மென்மையான ஒளி வேண்டுமானால் சூரியனை அணைத்துவிட்டு மேகமூட்டமான வானத்தை மட்டும் வையுங்கள். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை தருவதால், மழைக்கால வானம் இங்கே பொய்யாகத் தெரியாது. மர வேலைப்பாடு அதிகமுள்ள அறைகளுக்கு உண்மையில் அதுதான் பொருத்தம்; தேக்கின் நிறம் வெளுக்காமல் நிற்கும்.

நிஜ வானத்தின் ஒளி அளவையும் பதிந்து வைத்திருக்கும் எச்டிஆர்ஐ வானப்படங்களைப் பாலி ஹேவன் இணையதளத்தில் கட்டணமின்றி, உரிமக் கட்டுப்பாடின்றி எடுக்கலாம். படத்திலேயே சூரியன் இருந்தால், தனியாகச் சன் லைட் போடக் கூடாது. நாற்காலிக்கு இரண்டு திசையில் நிழல் விழும். பிளெண்டரே உருவாக்கித் தரும் வானமான ‘ஸ்கை டெக்ஸ்சர்’ பயன்படுத்தினால் சன் லைட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, அதிலுள்ள சன் டிஸ்க்கை அணைத்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே

பலர் தவறவிடுவது வெளித்தரை. வீட்டைச் சுற்றி ஒன்றுமே இல்லாமல் ரெண்டர் செய்தால் கூரையின் அடிப்பகுதி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். நிஜத்தில் வெயில் வெளியே மண்ணில் பட்டு, ஜன்னல் வழியாக மேல்நோக்கி வந்து சீலிங்கை வெளிச்சமாக்குகிறது. வீட்டைச் சுற்றி 20 மீட்டருக்கு ஒரு தளம் போட்டு அதற்குச் செம்மண் நிறம் கொடுங்கள். 150, 85, 55 என்ற ஆர்ஜிபி மதிப்பில் தொடங்கலாம். முற்றத்தில் இன்டர்லாக் கல் பதிக்கப் போகிறார்கள் என்றால் சாம்பல். சீலிங்கில் உடனே ஒரு இளஞ்சூடு ஏறுவதைப் பார்க்கலாம். பக்கத்தில் ரப்பர் தோட்டமோ வாழையோ இருந்தால் அந்தப் பக்கச் சுவரில் லேசான பச்சை சாயும். அதைத் துடைக்க வேண்டாம்.

வெளிக்காட்சிக்கு மனையிலேயே நின்று, ஜன்னல் வரும் உயரத்தில் போனை வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். ரெண்டரில் வைத்த அதே நேரத்தில் எடுங்கள். ஜன்னலிலிருந்து 10, 15 மீட்டர் தள்ளி ஒரு தளத்தில் அதை எமிஷனாக (தானே ஒளிரும் பரப்பாக) ஒட்டி, அறையைவிட இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு ஒளி) கூடுதல் வெளிச்சமாக வையுங்கள். அந்தத் தளத்தின் ‘ரே விசிபிலிட்டி’யில் (எந்த வகைக் கதிருக்கு அது தெரியும் என்ற அமைப்பு) டிஃப்யூஸ், ஷேடோ இரண்டையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வானத்தை மறைத்துவிடும். கேமரா, குளாஸி, டிரான்ஸ்மிஷன் மூன்றும் இயங்கட்டும். அப்போதுதான் டைல்ஸில் தென்னையின் பிரதிபலிப்பு விழும்.

ஜன்னல் கண்ணாடி தனிச் சிக்கல். சாதாரண கிளாஸ் மெட்டீரியல் போட்டால் எஞ்சின் அதன் வழியே வரும் ஒளியைக் காஸ்டிக்ஸாக (கண்ணாடி வழியே வளைந்து குவியும் ஒளியாக) கணக்கிட்டுத் திணறும். அறை இருண்டு, புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். கதிர் எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் லைட் பாத் நோடில் ‘இஸ் ஷேடோ ரே’யை எடுத்து, நிழல் கதிருக்கு டிரான்ஸ்பரன்ட், மற்றதற்குக் கிளாஸ் என்று மிக்ஸ் செய்யுங்கள். கண்ணாடி கேமராவில் தெரியாத ஜன்னல்களில் அதை நீக்கிவிடுவதே நல்லது.

திறப்புகளில் ஏரியா லைட் வைத்து ‘போர்ட்டல்’ டிக் செய்தால், வான ஒளி எங்கிருந்து வருகிறது என்பது எஞ்சினுக்குத் தெரியும், இரைச்சல் குறையும். போர்ட்டல் ஒளி தராது, வழி மட்டும் காட்டும். அது உள்நோக்கிப் பார்க்க வேண்டும், அளவு திறப்பை ஒட்டியே இருக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் அறை இருட்டாக இருந்தால், கேமராவுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரியா லைட்டை வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். முன்னாலிருந்து விழும் ஒளி எல்லா நிழலையும் தின்று, அறையைத் தட்டையாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) 1 முதல் 2.5 வரை ஏற்றுங்கள். ஜன்னல் ஓரம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும், கேமராவில் எடுத்தாலும் அப்படித்தான் வரும். டிஃப்யூஸ் பவுன்ஸ் (ஒளி பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் எண்ணிக்கை) தானாக 4 இருக்கும், அதை 8 ஆக்குங்கள். மூலைகள் தாமாகவே விடியும்.

நடுமுற்றம் வைத்த வீடுகளில் இது இன்னும் கடினம். மேலிருந்து கொட்டும் ஒளியில் முற்றத் தரை வெந்து, சுற்றியுள்ள தாழ்வாரம் இருண்டு கிடக்கும். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது என்றால் மதியத்தை விட்டு காலை 9 மணிக்கு மாற்றுங்கள். வெயில் முற்றத்தின் மேற்குச் சுவரில் மட்டும் படும், தாழ்வாரத்துக்கு மென்மையான ஒளி கிடைக்கும்.

மெட்டீரியல் போடுமுன் ஒருமுறை முழுக் காட்சியையும் சாம்பலில் பாருங்கள். வியூ லேயரில் ‘மெட்டீரியல் ஓவர்ரைடு’ என்ற இடத்தில் ஒரே ஒரு நடுச் சாம்பலைக் கொடுத்து, கண்ணாடிகளை மறைத்து ரெண்டர் செய்தால், ஒளி சரியா என்பது மட்டும் தெரியும். சாம்பலில் அழகாக இல்லாத அறை தேக்கு டெக்ஸ்சர் போட்டபின் அழகாகிவிடாது.

தரை

பார்வையாளர் கண் முதலில் போகும் இடம் சுவர் என்று நினைப்போம். தரைதான் படத்தைக் காட்டிக்கொடுக்கும்.

2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ்க்கு ரஃப்னெஸ் (சொரசொரப்பு; குறையக் குறையப் பளபளப்பு) 0.05 முதல் 0.12. இணைப்பு இடைவெளி 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், கிரவுட்டின் ரஃப்னெஸ் 0.8. ஒரே டைல் படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் நரம்புகள் வரிசை கட்டி நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். ஒரே டிசைனில் ஐந்தாறு வேறு முகங்களை எடுத்து மாற்றி மாற்றி அடுக்கி, சிலவற்றை 180 டிகிரி திருப்புங்கள். இதைவிடப் பெரிய பலன் தருவது இன்னொரு வேலை: ஒவ்வொரு டைலையும் தனிப் பொருளாக்கி, 0.1 முதல் 0.2 டிகிரி வரை தாறுமாறாகச் சாய்த்துவிடுங்கள். எவ்வளவு தேர்ந்த கொத்தனார் பதித்தாலும் அந்தச் சிறு சாய்வு இருக்கும். ஜன்னலின் பிரதிபலிப்பு ஒவ்வொரு இணைப்பிலும் லேசாக உடைந்து வரும்போது தரை நிஜமாகிவிடுகிறது.

ரெட் ஆக்சைடு தரை மீண்டும் கேட்கப்படுகிறது. அதற்கு இணைப்புக் கோடு கிடையாது. ரஃப்னெஸ் 0.15 முதல் 0.3 வரை இடத்துக்கு இடம் மாற வேண்டும்: நடை அதிகமுள்ள வாசல் வழி பளபளப்பாக, சுவர் ஓரம் மங்கலாக. பெரிய அளவு நாய்ஸ் டெக்ஸ்சரை (தாறுமாறான திட்டு வடிவத்தை) ரஃப்னெஸில் இணைத்தால் இது வரும். தரையின் சிவப்புச் சாயல் சுவரின் கீழ் இரண்டடிக்கு ஏறும். வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாவது சரிதான். ஆனால் தரையின் சிவப்பை மிகச் செறிவாகக் கொடுத்தால் அறையே பற்றி எரிவதுபோல் ஆகும். 130, 50, 40 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

பளபளப்பான தரை எப்படி நடந்துகொள்கிறது என்று படிக்க இந்த வட்டாரத்தில் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் போன்ற இடம் வேறில்லை. அந்தக் கறுப்புத் தரையை நின்று நேர்கீழே பார்த்தால் பிரதிபலிப்பு குறைவு. தூரத்தில், சாய்வாகப் பார்த்தால் ஜன்னல் முழுதாகத் தெரியும். ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.5 உள்ள எந்தப் பரப்பும் நேர்ப்பார்வையில் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது, மிகச் சாய்ந்த பார்வையில் கிட்டத்தட்ட முழுவதையும். பரப்பின் தன்மையைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்டு ஷேடர் இதைத் தானே செய்யும், நாம் அதிலுள்ள மெட்டாலிக்கை (உலோகத் தன்மையை) தொட்டுக் கெடுக்காதவரை. மரம், டைல், பெயின்ட் எல்லாவற்றுக்கும் மெட்டாலிக் 0. உலோகத்துக்கு மட்டும் 1. இடைப்பட்ட 0.3, 0.5 எதுவும் நிஜத்தில் இல்லை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

மரமும் சுவரும்

தேக்கு, பலா, அயினி மூன்றையும் ஒரே பழுப்பில் அடிப்பது இந்தப் பகுதி வீட்டுக்காரர்களிடம் செல்லாது. மரம் தெரிந்தவர்கள் அவர்கள். புதிய பலா நல்ல மஞ்சளாக இருந்து ஆண்டுகள் போகப்போகச் சிவந்த பழுப்பாகும். புதுவீட்டுக் கதவு எந்த நிலையில் காட்டப்பட வேண்டும் என்று முன்பே கேளுங்கள்.

ரேகை ஓடும் திசை அடுத்த பொறி. ஆசாரி செய்யும் கதவில் நிலைச்சட்டங்களில் ரேகை செங்குத்தாகவும் குறுக்குச் சட்டங்களில் கிடையாகவும் ஓடும். கதவு முழுவதையும் ஒரே படத்தால் போர்த்தினால் குறுக்குச் சட்டத்தில் ரேகை மேலிருந்து கீழே ஓடும். மர வேலை தெரிந்த எவரும் முதலில் காண்பது இதைத்தான். சட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து யூவியை (படம் பரப்பில் ஒட்டும் வரைபடத்தை) 90 டிகிரி திருப்புங்கள், ஒவ்வொன்றையும் டெக்ஸ்சரின் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். பாலிஷ் செய்த மரத்துக்கு ரஃப்னெஸ் 0.3 முதல் 0.4.

வெள்ளைச் சுவருக்கு 255 கொடுக்கக் கூடாது. நல்ல வெள்ளை பெயின்ட்கூட விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் திருப்புகிறது. ஆர்ஜிபியில் அது 230 அளவு. 255 வைத்தால் ஒளி அறைக்குள் தேயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நிழல் மறைந்து, ரெண்டர் நேரமும் கூடும். கறுப்பு மைக்காவுக்கு 0 வேண்டாம், 40க்குக் கீழே போகாதீர்கள். எமல்ஷன் சுவரில் ரோலர் விட்ட மிக மெல்லிய புடைப்பு இருக்கும். பக்கவாட்டு ஒளியில் மட்டும் தெரிகிற அளவுக்குப் பம்ப் (மேடு பள்ளம் போன்ற தோற்றம்) கொடுத்தால் போதும், ரஃப்னெஸ் 0.7 முதல் 0.9.

டெக்ஸ்சர் எல்லாம் சரியாக இருந்தும் பரப்பு பிளாஸ்டிக்போல் தெரிந்தால், ரஃப்னெஸ், நார்மல் (மேடு பள்ளத்தைக் காட்டும்) படங்களின் கலர் ஸ்பேஸைப் பாருங்கள். இரண்டும் ‘நான்-கலர்’ என்றிருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபி என்று விட்டால் ரஃப்னெஸ் மதிப்பே மாறிவிடும். குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரிந்தால் அந்த நார்மல் படம் டைரக்ட்எக்ஸ் வகை. பிளெண்டருக்கு ஓபன்ஜிஎல் வகை வேண்டும். பச்சைச் சேனலைத் தலைகீழாக்கினால் சரியாகும்.

4கே படம் ஒன்று நினைவகத்தில் 64 எம்பி வரை பிடிக்கும். நிறம், ரஃப்னெஸ், நார்மல் மூன்றும் சேர்ந்து 192 எம்பி. முப்பது மெட்டீரியல் வைத்தால் 8 ஜிபி கார்டில் பெரும்பகுதி டெக்ஸ்சருக்கே போய், ரெண்டர் நடுவில் நின்றுவிடும். கேமராவுக்கு அருகிலுள்ள தரைக்கும் சோபாவுக்கும் 4கே. மற்றதெல்லாம் 2கே, திரைக்குப் பின்னால் இருப்பது 1கே. 2கே என்றால் இடம் நாலில் ஒன்றுதான்.

விளக்குகள்

மாலைப் படத்துக்கு 3000 கெல்வின் கோவ் லைட்டும் (சீலிங் ஓரத்தில் மறைத்து வைக்கும் மஞ்சள் விளக்கு), வெளியே நீலம் தங்கிய வானமும் சேர்ந்தால் அழகு. கிச்சனில் நம் வீடுகளில் 6500 கெல்வின் (வெள்ளை ஒளி) டியூப் எல்இடியே பெரும்பாலும் வருகிறது. வீட்டுக்காரர் அதைத்தான் மாட்டப் போகிறார் என்றால் அதையே காட்டுங்கள். பிளெண்டரில் பாயின்ட் லைட்டின் வாட் மின்சார வாட் அல்ல, வெளியாகும் ஒளியின் அளவு. 800 லூமன் பல்புக்கு 2 வாட் அளவு வரும். 9 என்று போட்டால் நாலு மடங்குக்கு மேல். சுவரை ஒட்டிய ஸ்பாட் லைட்டுகளுக்கு, விளக்கின் ஒளி பரவும் விதத்தைப் பதிந்த ஐஇஎஸ் கோப்பு போட்டால் சுவரில் விழும் ஒளிவடிவம் தானே சரியாகும். குத்துவிளக்குச் சுடர், ஜெப அறை விளக்கு போன்றவற்றுக்கு 0.05 வாட் போதும்.

எல்லா விளக்கையும் தனித்தனி லைட் குரூப்பில் போட்டு வைத்தால், ரெண்டர் முடிந்தபின்பும் ஒவ்வொன்றின் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். “கோவ் லைட்டை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்ற ஒரு வரிக்காக மறுபடி மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டியதில்லை.

கேமரா

உயரம் நாலடி, நாலே கால் அடி. லென்ஸ் 24 முதல் 28 மி.மீ. அறை பெரிதாகத் தெரிய 16க்கு இறக்கினால் ஓரத்து நாற்காலி இழுபட்டு, 12 அடி அறை கல்யாண மண்டபமாகிவிடும். வீடு முடிந்தபின் வீட்டுக்காரர் ஏமாறுவார். கேமராவைக் கீழோ மேலோ சாய்க்காமல் 90 டிகிரியில் நிறுத்தி, மேலும் கீழும் நகர்த்த ‘ஷிஃப்ட்’டைப் பயன்படுத்தினால் கதவு நிலைகள் நேராக நிற்கும். பின்வாங்க இடம் இல்லையென்றால் சுவரை அழிக்காதீர்கள், அந்த ஓட்டை வழியாக ஒளி புகுந்துவிடும். கேமராவைச் சுவருக்குப் பின்னால் வைத்து ‘கிளிப் ஸ்டார்ட்’டைச் சுவரைத் தாண்டும் அளவுக்கு ஏற்றுங்கள். கேமரா சுவரை ஊடுருவும், சுவர் ஒளியைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

ரெண்டரும் அனுப்பலும்

நாய்ஸ் திரெஷோல்டு (அனுமதிக்கும் இரைச்சல்) 0.02, அதிகபட்ச சாம்பிள் (ஒரு புள்ளிக்குக் கணக்கிடும் கதிர்கள்) 1000, இரைச்சலைத் துடைக்கும் ஓபன் இமேஜ் டீநாய்ஸ், அதற்கு ஆல்பிடோவும் (பரப்பின் நிறம்) நார்மலும் சேர்த்து. பெரும்பாலான அறைக்கு இது போதும். 100 சாம்பிளில் நிறுத்தி டீநாய்ஸரை நம்பினால் திரைச்சீலையின் நெசவும் மர ரேகையும் மெழுகாக உருகிவிடும். வெள்ளைப் பொறிகள் தெறித்தால் ‘கிளாம்ப் இன்டைரக்ட்’டை (தெறித்து வரும் ஒளியின் உச்ச வரம்பை) 10லிருந்து 4க்கு இறக்குங்கள், 1க்குப் போனால் பொறியோடு ஒளியும் செத்துப்போகும். கோப்பை 16 பிட் இஎக்ஸ்ஆர் (ஒளி விவரம் முழுவதையும் வைத்திருக்கும் பட வகை) ஆகச் சேமியுங்கள், பிறகு திருத்த இடமிருக்கும். போனில் பார்க்க 1920க்கு 1080 போதும். ஏ3 தாளில் அச்சடிக்க 3300க்கு 2340.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. பிளெண்டர் 4.0 முதல் தானாக வரும் ‘ஏஜிஎக்ஸ்’ பார்வை (நிறங்களைத் திரைக்கு மாற்றும் முறை), பளிச்சென்ற ஒளியை இயல்பாக அடக்குகிறது. அதே வேளையில் செறிவான நிறங்களை வெளுக்கவும் செய்கிறது. படத்துக்கு அதுவே நல்லது. ஆனால் பெயின்ட் கடையின் ஷேடு கார்டை வைத்து “இதே நிறமா?” என்று கேட்பவருக்கு அந்தப் படத்தைக் காட்டி ஆம் சொல்லாதீர்கள். நிறத்துக்கு ஷேடு கார்டுதான் சாட்சி, முடிந்தால் சுவரிலேயே இரண்டடிச் சதுரம் அடித்துப் பார்ப்பது.

இந்தப் பக்கத்து வீடுகளில் பலவற்றின் உரிமையாளர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார். படத்தை அவர் பார்ப்பது வாட்ஸ்அப்பில். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சுவரின் மென்மையான நிழல் படிப்படியாக உடையும், மர ரேகை குழம்பும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். அனுப்புமுன் உங்கள் போனிலும் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். கணினித் திரையில் ஆழமாகத் தெரிந்த நிழல் போனில் வெறும் கறுப்பாகலாம். அவர் இரவு நேரத்தில் போனின் மஞ்சள் வடிகட்டியை இயக்கி வைத்திருந்தால் வெள்ளைச் சுவர் சந்தனமாகத் தெரியும். நிறத்தைப் பற்றிப் பேச்சு எடுக்குமுன் அதை அணைக்கச் சொல்லுங்கள்.